ஷீட்டில் காலியாக இருக்கும் கடைசி அரை மணி

போன வாரம் ஹோட்டல் பக்கம் வந்திருந்தேன். பழைய பழக்கம், கால் தானாகக் கெஸ்ட்டுகளுக்கு ஊர் சுற்ற வழி சொல்லும் கன்சியர்ஜ் மேஜைக்குத்தான் போனது. உங்களில் ஒருவர் யாரோ ஒரு கெஸ்ட்டுக்கு ஒரு நாள் ஊர் சுற்ற ஷீட் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கப்பன் பார்க், மதியச் சாப்பாடு, லால்பாக், எல்லாம் சரி. ஆனால் கிளம்புவதற்கு முன்னால் இருக்கிற கடைசி அரை மணிக் கட்டத்தில் ‘ஷாப்பிங்’ என்று நிரப்பியிருந்தீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

அந்தக் கட்டத்தைக் காலியாக விடும்படி ஷீட்டை அடித்து வைத்தது நான்தான். ஏன் என்று ஒருத்தரிடமும் சொல்லாமல் ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆக, கோபப்பட வேண்டியது என் மேல்தான். அதனால் உங்களுக்காக இதை எழுதுகிறேன். எனக்கு ஒரே இடத்தில் உட்கார வராது என்பது உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டு பாராவுக்குள் இரண்டு முறை எழுந்து பால்கனிக்குப் போய் வந்துவிட்டேன்.

நம் வேலையில் நான் முதலில் கற்றுக்கொண்டது, கெஸ்ட்டின் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்பது. எத்தனை பேர், எப்போதிலிருந்து, எப்போது வரைக்கும், சைவமா அசைவமா. இந்த நாலு கேள்விக்குப் பதில் வந்துவிட்டால் பெங்களூரை ஒரே தாளில் மடித்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். முப்பது வருஷம் அதே மேஜையில் நின்றவளுக்கு அந்த மிதப்பு கூட இல்லாமல் எப்படி?

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒருவர் வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர். நாற்பது வயதிருக்கும். சட்டை கசங்காமல், தலை கலையாமல், நேர்முகத் தேர்வுக்கு வந்தவர் மாதிரி இருந்தார். நான் வணக்கம் சொல்வதற்குள்ளேயே இரண்டு முறை வாட்ச்சைப் பார்த்தார்.

“நாளைக்கு ஒரு நாள்ங்க. நானும் எம் பொண்ணும். ஒம்பது வயசு அவளுக்கு. பத்து மணியிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குதுங்க. எல்லாத்தையும் பாத்துரோணும். அஞ்சு மணிக்குத் தொம்மலூர்ல இருக்கோணும்.”

“அஞ்சு பத்து ஆனா பரவாயில்லயா சார்? சனிக்கிழமை ட்ராஃபிக் இருக்கும்.”

“இல்லைங்க. அஞ்சுன்னா அஞ்சுதான்.”

சொல்லிவிட்டு மறுபடி வாட்ச்சைப் பார்த்தார். நான் கவனித்தேன். ஆனால் கேட்கவில்லை. அதுதான் நம் விதி ஆயிற்றே. ஊருக்குள்ளேயே இருக்கிற தொம்மலூரில் சொந்தக்காரர்கள் இருப்பார்கள், கல்யாண வீடோ பிறந்தநாளோ என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அப்பாவும் மகளும் ஊரிலிருந்து வந்திருக்கிறார்கள், பெண் அறையில் டிவி பார்த்துக்கொண்டிருக்கும் என்றும் நினைத்துக்கொண்டேன். மளமளவென்று ஷீட் போட்டேன். பத்தரைக்கு அறிவியல் மியூசியம், பன்னிரண்டுக்கு அரண்மனை, ஒன்றரைக்குச் சாப்பாடு, இரண்டரைக்கு லால்பாக், நாலு மணிக்குக் கிளம்பல். கடைசி வரியில், ‘5.00 தொம்மலூர்: குடும்பத்தினருடன் மாலை’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரித்த முகம் வேறு வரைந்தேன்.

அவர் மேலிருந்து கீழே விரலை வைத்துப் படித்துக்கொண்டு வந்தார். கடைசி வரியில் விரல் நின்றது. கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது. “நல்லாருக்குதுங்க” என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்று எனக்குத் தெரியாததை உங்களுக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். அவருக்கும் மனைவிக்கும் விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்தது. பெண் அம்மாவோடு தொம்மலூரில் இருந்தாள். எட்டு மாதமாக அவர் மகளைப் பார்த்ததெல்லாம் கோர்ட்டில் ஒரு அறையில், ஒரு ஆள் பக்கத்தில் உட்கார்ந்து கவனிக்க, ஒரு மணி நேரம். இப்போதுதான் முதல் முறையாக ஒரு பகல் முழுக்க வெளியே கூட்டிப் போக அனுமதி. பத்திலிருந்து ஐந்து வரை. ஐந்துக்கு மேல் ஒரு நிமிஷம் தாண்டினாலும் மறுபடி அந்த அறைதான். அது போதாதென்று, அடுத்த மாதமும் அப்பாவோடு போக இஷ்டமா என்று பெண்ணையே கோர்ட்டில் கேட்கப் போகிறார்கள். அதற்காகத்தான் இவ்வளவு பெரிய ஹோட்டலில் அறை எடுத்திருந்தார். அவர் ஒரு பகலில் மகளை ஜெயிக்க வேண்டும். அதற்கு நான் கொடுத்த ஆயுதம் அந்த ஷீட்.

மறுநாள் காலை பத்தேகாலுக்கு அவர் வெளியிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே அந்தப் பெண். வர்ஷா என்று பெயர். இரட்டைப் பின்னல், முகவாயில் ஒரு சின்னத் தழும்பு. நான் குனிந்து, இருக்கிற பல்லையெல்லாம் காட்டி, “பெங்களூருக்கு வெல்கம்!” என்றேன்.

அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அப்புறம் அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆனேக்கல்லிலிருந்து வரும் நம் டிரைவர் நாகராஜ் கார்க் கதவைத் திறந்தார், ஏறிப் போய்விட்டார்கள். ஆட்டோவில் வந்து இறங்கிய குழந்தை அறையில் எப்படி டிவி பார்த்திருக்கும் என்று யோசிக்கக் கூடத் தோன்றவில்லை எனக்கு. அடுத்த கெஸ்ட் வந்துவிட்டார்.

பன்னிரண்டு பத்துக்கு நாகராஜ் போன் செய்தார். அரண்மனைப் பார்க்கிங்கில் நிற்கிறேன் என்றார்.

“மேடம், அந்தப் பாப்பா இந்த ஊருதான்.”

“என்ன சொல்றீங்க?”

“மியூசியத்துலேர்ந்து வர்றப்போ ரைட் எடுக்கப் போனேன். பின்னாடிலேர்ந்து, ‘அண்ணா, இல்லி பேடா, இங்க வேணாம், ஜாம் இருக்கும், நேரா போங்க’ன்னுது. எட்டிப் பாத்தா நெஜமாவே ஜாம். மியூசியத்துக்கு ஸ்கூல்ல மூணு வாட்டி கூட்டினு போய்ட்டாங்களாம். அரமனைக்கு ரெண்டு வாட்டி. லால்பாக் எத்தினி வாட்டின்னு கணக்கே இல்லயாம்.”

“அதோட அப்பா என்ன பண்றாரு?”

“அவரு வாட்ச்சப் பாக்குறாரு, உங்க ஷீட்டப் பாக்குறாரு. பாப்பா மூஞ்சிய நேரா பாக்கவே பயப்படறாரு மேடம். பாப்பா ஐஸ்க்ரீம் லைன்ல நிக்கறப்போ எங்கிட்ட சொன்னாரு.” அப்புறம் கோர்ட், எட்டு மாதம், ஐந்து மணி என்று நான் மேலே எழுதியதெல்லாம் நாகராஜ் வாயிலிருந்து வந்தது. “பாப்பா அந்த ஷீட்ட வாங்கி சத்தமா படிச்சுது மேடம். கடசி லைன் வந்ததும் நிறுத்திடுச்சு.”

எனக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. குடும்பத்தினருடன் மாலை. சிரித்த முகம். மேஜையிலிருந்து கண்ணாடிக் கதவு வரைக்கும் போனேன், திரும்பி வந்தேன், மறுபடி போனேன். பெல் பாய் என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் நம் கை என்ன செய்யும் தெரியுமா? என் கை இன்னொரு ஷீட்டை உருவியது. மால், பௌலிங், பீட்சா என்று மூன்று வரி எழுதியும் விட்டது. நாலாவது வரிக்குப் போகும்போதுதான் பேனா நின்றது. அந்தக் காரில் போகிற மூன்று பேரில் ஊரை அறிந்தவர்கள் இரண்டு பேர், அதில் ஒருத்திக்கு வயது ஒன்பது. அவளை ஒரு வார்த்தை கேட்காமல் அவள் ஊரை அவளுக்கே நான் சுற்றிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். கெஸ்ட் அவள் இல்லை, அவள் அப்பா. அவர்தான் மகள் இருக்கும் ஊருக்கு விருந்தாளியாக வந்திருக்கிறார்.

விதியாவது மண்ணாங்கட்டியாவது என்று அவருக்கே போன் போட்டேன். நேராக விஷயத்துக்கு வந்தேன். “சார், மன்னிக்கணும். ஷீட்டை நான் தப்பா போட்டுட்டேன். பொண்ணுகிட்ட ஒரு நிமிஷம் பேசலாமா?”

அவர் போனை மகளிடம் கொடுத்தார்.

“வர்ஷா, நான் ஹோட்டல் ஆன்ட்டி. காலையில உனக்கு வெல்கம் சொன்னேனே, அந்த லூசு ஆன்ட்டி.”

சின்னதாக ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது.

“உனக்கு எங்க போகணும்மா?”

“எனக்கு எங்கயும் வேணாம் ஆன்ட்டி. நான் எல்லாம் பாத்துட்டேன். அப்பாதான் எதுவுமே பாக்கல. வாட்ச்ச மட்டும்தான் பாக்குறாரு.”

“சரி, அப்பாவுக்கு நீ என்ன காட்டுவ?”

அவ்வளவுதான். தொம்மலூரில் ஸ்கேட்டிங் போடுற இடம், ஸ்கூல் வேன் வந்து நிற்கிற முனை, மூன்று நாய்கள், அதில் ஒன்றுக்கு மூன்று கால், தேங்காய்ப்பூ வைத்த தில் பசந்த் சூடாகக் கிடைக்கிற பேக்கரி. மூச்சு விடாமல் சொன்னாள். நான் எழுதிக்கொள்ளவில்லை. அவள் தலைக்குள் ஷீட் தயாராக இருந்தது, நான் எழுத என்ன இருக்கிறது?

போன் மறுபடி அவர் கைக்குப் போனது. கொஞ்சம் தள்ளி வந்து பேசினார் போல, குரல் தாழ்ந்திருந்தது. ஆனால் கொதித்தது.

“அங்கயே திரும்பிப் போகச் சொல்றீங்களா? ஏழு மணி நேரத்துக்கு எட்டு மாசம் காத்திருந்தனுங்க. மத்தியானத்துக்குள்ளயே கொண்டுபோய் அவங்க வாசல்ல நிக்கோணுமா? அவங்க வீட்டுல யாராச்சும் பாத்தா, பொண்ண வெச்சு ஒரு நாள் சமாளிக்கத் தெரியல, சீக்கிரமே வந்துட்டான்னு சொல்ல மாட்டாங்களா?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஒருவேளை நாளைக்கு இதுவே அவருக்கு எதிராகத் திரும்பினால்? நான் யார் அவருக்கு? ஒரு ராத்திரி தங்க வந்த ஹோட்டலில் மேப் கொடுக்கிறவள். வாயை மூடிக்கொண்டு வைத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஆனால் ‘அப்பாதான் எதுவுமே பாக்கல’ என்று அந்தக் குழந்தை சொன்னது காதிலேயே நின்றது.

“சார், லால்பாக் போனா அவ இன்னொரு தடவ லால்பாக் பார்ப்பா. நீங்க வாட்ச் பாப்பீங்க. அங்க போனா அவ பேசுவா. எது வேணும்னு நீங்க சொல்லுங்க. ஒண்ணே ஒண்ணு, நாலரைக்கு நாகராஜுக்கு ஒரு போன் மட்டும் பண்ணிடுங்க.”

போன் கட் ஆனது.

அதற்குப் பிறகு இருபது நிமிஷம் நான் ஒருவருக்கும் உருப்படியாகப் பதில் சொல்லவில்லை. மைசூருக்கு வழி கேட்டவருக்கு ஓசூர் மேப்பை எடுத்து நீட்டினேன். பன்னிரண்டே முக்காலுக்கு நாகராஜிடமிருந்து ஒரே வார்த்தையில் மெசேஜ் வந்தது. தொம்மலூர்.

இதோடு கதை முடிந்தது, உங்கள் அக்கா ஜெயித்துவிட்டாள் என்று நினைத்துவிடாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு நிம்மதியாகத் தயிர் சாதம் சாப்பிட்டேன்.

நாலரைக்கு நாகராஜுக்குப் போன் வரவில்லை. நாலு முப்பத்தைந்துக்கு அவர் என்னைக் கூப்பிட்டார். அந்தப் பழைய ஊர்த் தெருக்களுக்குள் கார் நுழையாது, அதனால் மெயின் ரோட்டில் இறக்கிவிட்டு அங்கேயே நிற்கிறார். அவர் அழைத்துப் பார்த்தால் கெஸ்ட்டின் போன் ஸ்விட்ச் ஆஃப். நான் அழைத்தேன். எனக்கும் அதே பதில்தான்.

ஷீட் இருந்த வரைக்கும் அதில் நேரம் இருந்தது. அதைக் கிழிக்கச் சொன்னவள் நான். வாட்ச்சையே பார்க்கிறார், வாட்ச்சையே பார்க்கிறார் என்று குறை சொன்னோமே, இப்போது அவர் மகளின் பேச்சில் மயங்கி அதைப் பார்க்க மறந்திருந்தால்? எட்டு மாதத்தில் முதல் முறையாக மறந்திருந்தால்? ஐந்து ஐந்துக்குப் போய் நின்றால் போதும், மறுபடி கோர்ட் அறை, பக்கத்தில் ஒரு ஆள். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நானே அவரைக் குழியில் தள்ளிவிட்டேனோ?

“நாகராஜ், காரை விட்டுட்டு உள்ள போய்ப் பாருங்க.”

“இது நோ பார்க்கிங் மேடம். தூக்கினு போய்டுவாங்க.”

“தூக்கினா நான் பாத்துக்கறேன். ஓடுங்க.”

வீட்டு விலாசம் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தொம்மலூர் என்று எழுதிச் சிரித்த முகம் போட்டேனே தவிர எந்தத் தெரு என்று கேட்டேனா? நாலு நாற்பத்தைந்துக்கு நாகராஜ் மூச்சு வாங்கப் பேசினார். ஸ்கேட்டிங் இடத்தில் இல்லை. வேன் முனையில் இல்லை. பேக்கரிக்காரர் மட்டும், ஒரு அப்பாவும் பெண்ணும் இரண்டு தில் பசந்த் பார்சல் வாங்கிக்கொண்டு போனார்கள் என்றாராம். எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியவில்லை. நாலு ஐம்பது. நான் லாபி கடிகாரத்துக்குக் கீழேயே நின்றேன். முப்பது வருஷமாக அது என் தலைக்கு மேலே ஓடியிருக்கிறது. அதன் சத்தத்தை அன்றுதான் கேட்டேன். மாதாவே, இந்த ஒரு தடவை காப்பாற்று என்று வாய்விட்டே சொன்னேன்.

நாலு ஐம்பத்துமூன்றுக்கு போன் அடித்தது. நாகராஜ் கிசுகிசுவென்று பேசினார்.

“சிக்கிட்டாங்க மேடம். ஒரு அபார்ட்மென்ட் கேட்டுக்கு எதிர்ல, சாக்கடை மோரி மேல கல்லு போட்டிருக்கு, அதுல உக்காந்து தின்னுட்டிருக்காங்க. நான் மரத்துக்குப் பின்னாடி நிக்கிறேன்.”

“அது யாரு வீட்டு கேட்?”

“பாப்பா வீடுதான். பக்கத்துல இஸ்திரிக்காரரக் கேட்டேன். நாலரைலேர்ந்து அங்கதான் உக்காந்திருக்காங்களாம். அவரு சிரிக்கிறாரு மேடம்.”

போனை வைக்காமல் வைத்திருந்தேன். நாலு ஐம்பத்தொன்பதுக்குப் பெண் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டாள், தெருவைக் கடந்தாள், கேட்டுக்குள் போனாள் என்று நாகராஜ் ஒவ்வொன்றாகச் சொன்னார். உட்கார வராத நான் அன்றைக்கு ஒரு நாள் லாபி சோபாவில் உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்கு அவர் வந்தார். சட்டை கசங்கியிருந்தது, பேன்ட்டில் மண், மேலெல்லாம் பேக்கரித் தேங்காய்ப்பூ. நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். முகவாயில் அந்தத் தழும்பை எட்டு மாதமாக அந்த அறையில் பார்த்துக்கொண்டே இருந்தாராம். எப்படி ஆச்சு என்று கேட்டால் அந்த ஆள் ஏதாவது எழுதிக்கொள்வாரோ என்று பயந்து கேட்கவே இல்லையாம். “இன்னைக்கு அவளே கூட்டிட்டுப் போயி, ‘இங்கதாம்ப்பா விழுந்தேன், நாலு தையல், நான் அழவே இல்ல’ன்னு எடத்தக் காட்டுனாளுங்க. நான்தான் அழுதுட்டேன்” என்றார். சொல்லும்போதே மறுபடி கண் நிறைந்தது. எனக்கும்தான்.

“நாலரைக்கு ஏன் சார் போன் பண்ணல? இங்க எனக்கு உயிரே போயிடுச்சு.”

“சார்ஜ் தீந்துருச்சுங்க. நான் பயந்துட்டேன், உடனே கார்கிட்டப் போலாம்னேன். அவதான் வேணாம்ப்பா, வான்னு நேரா அந்தக் கல்லுமேல கொண்டுபோய் உக்கார வெச்சா. இன்னும் அரை மணி இருக்குதே, அதுக்குள்ளயே ஏன் இங்க வந்தோம்னு கேட்டனுங்க.” பேன்ட்டில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டார். “‘கேட் கண்ணு முன்னாடியே இருந்தா உனக்கு லேட் ஆயிடும்னு பயம் இருக்காதுல்லப்பா? இப்ப என்னயப் பாரு’ன்னா.”

ஒன்பது வயது. எத்தனையோ பெரிய மனிதர்களுக்கு ஊர் சுற்றத் திட்டம் போட்டிருக்கிறேன். ஒருத்தரையாவது இப்படி உட்கார வைக்க எனக்குத் தோன்றியதில்லை. கிளம்ப வேண்டிய பயம் உள்ளே இருக்கிற மனுஷனுக்கு எந்த அரண்மனையும் கண்ணில் படாது. அவரைக் கிளம்புகிற இடத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முதலில் அந்தப் பயத்தை இறக்கி வைக்க வேண்டும். அதற்கப்புறம் இருக்கிற அரை மணிதான் அவருடைய நேரம். திங்கட்கிழமை வந்து ஷீட்டை மாற்றி அடித்தேன். நீங்கள் ஷாப்பிங் என்று நிரப்பிய கட்டம் அதுதான். தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள்.

அவர் லிஃப்ட் பக்கம் போனார். பாதி வழியில் திரும்பி வந்தார். அன்றைக்கு ராத்திரி ரயில் அவருக்கு.

“மணி என்னங்க ஆச்சு?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நேற்றிலிருந்து அந்த வாட்ச்சைத் தவிர வேறெதையும் பார்க்காதவர் என்னிடம் மணி கேட்கிறார். அவர் கையைப் பார்த்தேன். மணிக்கட்டில் வாட்ச் இருந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரிந்தது.

“வாட்ச் எங்க சார்? தொலைச்சிட்டீங்களா?”

“இல்லைங்க. அவ கழட்டிக் கையில கட்டிக்கிட்டா” என்றார். “அடுத்த மாசம் வந்து வாங்கிக்கச் சொல்லிட்டா.”